பெரட்டு

விடியற்காலை மூன்றே கால். ஒரு இடி.
பத்தாங் பெர்ஜுந்தையின் விளக்குகள்
ஒருமுறை சிமிட்டிவிட்டுப் போயின.
ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி
எத்தனையோ வருஷம்.
என் சர்வருக்கு நான் வைத்த பெயர் இன்னும் பத்தாங்தான்.

மின்சாரம் திரும்பியதும் முதலில் எழுந்தது அது.
காசு கொடுக்காமல் இறக்கிய இயங்குதளம்,
யார் யாரோ எந்தெந்த ஊரிலோ
தூக்கம் கெட்டு எழுதிக் கொடுத்தது.
எழுந்த கையோடு
தண்டல் மாதிரி பெயர் கூப்பிடும்:
நினைவகம்? இருக்கேன்.
கடிகாரம்? இருக்கேன்.
ஆலையில் இருக்கும் வட்டு?

வட்டு?

ஆலை மூன்று கிலோமீட்டர் தள்ளி.
நடுவே செம்பனை, ஒரு வாய்க்கால்,
எலி கடித்து இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்ட கேபிள்,
கண் திறக்கவே முக்கால் நிமிஷம் எடுக்கும் ஒரு சுவிட்ச்.
முன்பெல்லாம் சர்வர் காத்து நிற்கும்.
தொண்ணூறு விநாடி. பிறகு கோபித்துக்கொண்டு
கறுப்புத் திரையில் உட்கார்ந்துவிடும்.
ஐந்து மணி இருட்டில் மோட்டார் சைக்கிளை விரட்டி வந்து
எழுப்பி எழுப்பி அலுத்து
போன மாதம் ஒரே ஒரு சொல் சேர்த்தேன்:
வராவிட்டால் பரவாயில்லை, மேலே போ.

மேலே போனது.

ஏழாம் தேதி சம்பளச் சீட்டு.
நாற்பத்தொரு பேருக்கு மூன்று நாள் குறைவு.
ஷஹிதுல் சத்தம் போடவில்லை.
கட்டைவிரலை என் மேசைமேல் வைத்து
இது என் விரல்தான் என்றான், மலாயில், மெதுவாக.
செங்கமலம் மெதுவாகப் பேசுகிறவள் இல்லை.
“நான் வந்தேனா இல்லையான்னு உன் பொட்டிதான் சொல்லணுமா?
மழையில உரம் போட்டது என் முதுகுக்குத் தெரியாதா?”

வட்டில் தேடினேன்.
மூன்று நாளும் வெள்ளை.
அழித்த தடம் இல்லை, பிழை என்று ஒரு வரி இல்லை.
இரண்டு ராத்திரி.
மூன்றாம் ராத்திரி, ஏன் என்று தெரியாமல்
வட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன்.
அது இருந்த இடம், அந்தக் கோப்புறை,
காலியாக இருக்க வேண்டும்.

ஐந்து முப்பத்து நாலு, செங்கமலம்.
ஐந்து முப்பத்து நாலு, ஷஹிதுல்.
ஐந்து முப்பத்தாறு, தில் பகதூர்,
ஈர விரல், மூன்று தரம் அழுத்தியிருக்கிறான்.
எல்லோரும் இருந்தார்கள்.
வட்டு வராத காலையில்
ரேகைப்பெட்டி வெறுந்தரையில் எழுதியிருக்கிறது.
எட்டு மணிக்கு ஒருத்தி வந்து,
அடடா வட்டைக் காணோமே என்று
கையால் பொருத்தியிருக்கிறாள்.
பேர்களின் மேல் பாய் விழுந்தது.
விரித்தது நான்.

பணம் கொடுத்தாயிற்று. வேறு விஷயம்.

இப்போது வரிசை எழுதியிருக்கிறேன்:
வலை வந்ததா, வந்ததாகச் சொல்கிறதா, இரண்டும் வேறு;
வந்தபின் வட்டு, வட்டு வந்தபின் ரேகைப்பெட்டி.
வெறுந்தரைக்குப் பூட்டு.
நானே மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றினேன், பதினோரு தரம்.
பத்துத் தரம் சரி.

என்சிக் ரஸ்லான் படிவம் அனுப்பியிருக்கிறார்.
இன்னும் ஐந்து டிவிஷனுக்கு இதையே போடலாமாம்.
வலைவழிச் சேமிப்பு தயாரா?
ஆம், இல்லை, இரண்டு கட்டம்.
இயங்குதளம் தயார். வட்டு தயார். கேபிள் சுமார்.
எதற்குப் பின் எது என்பதற்கு
கட்டமே போடவில்லை.

மேற்கே கறுத்து வருகிறது.
படிவம் பேனாவுக்கு அடியில் படபடக்கிறது.
வேலை முடிந்து, பூட்ஸைக் கழற்றாமல்
செங்கமலம் உள்ளே வருகிறாள்,
கையில் பிள்ளையின் பழைய கணக்கு நோட்டு,
கடைசிப் பக்கங்களில் கோடு கிழித்து, தேதி போட்டு.
“இன்னிக்கு நான் வந்தேன்.
இதுல ஒரு கையெழுத்துப் போடு.”

போட்டேன்.